தட்டிக்குப் பின்னால் ஒரு சக்களத்தி

என் வீட்டுக்காரர் வைத்திலிங்கத்துக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். எங்கள் கல்யாணத்தன்று, தாலி கட்டி முடித்த கையோடு, போட்டோ பிடிக்க வந்தவரிடம் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு பிரசங்கமே செய்தார். போட்டோக்காரர் நெல்லிக்குப்பத்து ஆள். கறுப்புத் துணிக்குள் விட்ட தலையை அவர் வெளியே எடுக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து நான் இவர் காதோரம், "மாமா, போட்டோவுல நான் சிரிக்கலாமா?" என்று கேட்டேன். இவர் காதில் விழவில்லை. இன்னொரு தரம் கேட்க எனக்கு வெட்கம். அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அதில் இவர் வாய் திறந்திருக்கும், நான் உம்மென்று இருப்பேன்.

தூரத்து உறவில் இவர் எனக்கு மாமன் முறை. கடலூரில் ஒரு டிரெயினிங் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். நான் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். வீட்டில் சும்மா இருப்பானேன், நீயும் டீச்சர் ஆகிவிடு என்று அறுபத்து மூன்றாம் வருஷம் இவரே என்னைத் தன் பள்ளியில் சேர்த்துவிட்டார். வகுப்பில் "சார்", வீட்டில் "மாமா". இரண்டு இடத்திலும் பேசுகிறவர் அவர்தான்.

"தில்லை, இங்கிலீஷ்ல பேசு" என்பார் சாப்பிடும்போது. நானும் தைரியத்தைக் கூட்டி ஆரம்பிப்பேன். இரண்டாவது வார்த்தையிலேயே கையைத் தூக்கிவிடுவார். அது அப்படி இல்லை, இப்படி. சரி என்று மறுபடி ஆரம்பிப்பேன். மறுபடி கை. ரசம் ஆறிப்போகும், வாக்கியம் முடியாது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் இவரிடம் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தையாவது முழுசாகச் சொல்லி முற்றுப்புள்ளி வைத்தது கிடையாது. போகப் போக நான் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். "மண்டையில ஏறலை, என்ன பண்றது" என்று ஊரெல்லாம் இவர் அலுத்துக்கொண்டார்.

அப்போதுதான் சுல்தானா டீச்சர் வந்தார். பரங்கிப்பேட்டைக்காரர். அவர் வாப்பாவுக்குப் பினாங்கில் கடை. சின்ன வயதில் அந்தக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் கற்றவர். பிறகு மதராஸில் புதுமுறைப் பயிற்சியும் முடித்திருந்தார். இங்கிலீஷைக் காதால் கேட்கப் பழக்குவதற்கென்று வாரத்தில் சில பீரியட்களை எங்கள் ஹெட்மாஸ்டர் கோவிந்தசாமி இவரிடமிருந்து எடுத்து அந்தம்மாவிடம் கொடுத்தார். இவருக்குப் பொறுக்கவில்லை.

"காது கேக்க எதுக்குப் பயிற்சி? காது டாக்டரை வரச்சொல்லலாமே" என்றார். "பினாங்குல புளி மொளகா விக்கிற இங்கிலீஷ் அது."

சுல்தானா டீச்சர் முதல் நாள் செய்த காரியம் எங்களைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னதுதான். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியக் கூடாது. அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே சின்னதாக ஒரு விஷயம் சொல்வார். "ஒரு தரம்தான் சொல்லுவேன்" என்பார். அவ்வளவுதான். மறுபடி கேட்டால் சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார். அப்புறம் யாராவது ஒருத்தர் தோளைத் தொடுவார். தொடப்பட்டவர் கேட்டதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தன் கதை ஒன்றைச் சொல்லலாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. பேசத் தொடங்கினால் முடிக்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. தப்போ சரியோ, திருத்தம் எல்லாம் கடைசியில். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்கிற நேரம் இருக்கிறதே, அது முதலில் பயமாக இருந்தது. பிறகு அதில் இடம் இருப்பது தெரிந்தது.

"நாளைக்கு உங்க முன்னால ஒரு வகுப்புப் பிள்ளைங்க உக்காந்திருக்கும். நீங்க காது குடுத்தாத்தான் அதுங்க வாயைத் திறக்கும்" என்பார்.

எங்கள் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது. நீளமான ஒரு கூடம், நடுவில் மூங்கில் தட்டி. அந்த பீரியடில் இவருக்கு வேலை இல்லை. ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கடியில் உட்கார வேண்டிய மனுஷன், தட்டிக்கு அந்தாண்டை நாற்காலி போட்டுக்கொண்டு கட்டுரை திருத்த ஆரம்பித்தார். எதற்கென்று எனக்குத் தெரியாதா? அந்தம்மா எங்கே சறுக்குவார், எதைப் பிடித்து ஹெட்மாஸ்டரிடம் சொல்லலாம் என்பதற்குத்தான். ஆனால் இவர் பொடி போடுகிறவர். பொடி போட்டால் தும்மல் வரும். தும்மல் தட்டிக்கெல்லாம் கட்டுப்படுமா?

இரண்டாவது தும்மலுக்கு சுல்தானா டீச்சர் எங்களிடம், "தட்டிக்கு அந்தாண்ட ஒரு மாணவர் இருக்காரு. அவருக்கும் கேக்குற மாதிரி பேசுங்க" என்றார். என் பக்கத்தில் இருந்த கம்மாபுரத்துப் பொன்னி என்னை இடித்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் தோளில் டீச்சரின் கை விழுந்திருந்தது.

பேசினேன். முந்தின நாள் காலையில் ஓல்டு டவுன் மீன் மார்க்கெட்டில் மழை. ஒருத்தி தான் நனைந்துகொண்டு மீன் கூடைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனாள். அதைத்தான் இங்கிலீஷில் சொன்னேன். எத்தனை தப்பு வந்ததோ, கை தூக்க யாரும் இல்லை. எதிரே வெள்ளையடித்த சுவர் மட்டும். வீட்டில் என் குரல் அடுப்படி அளவுதான். அன்றைக்கு அதைத் தட்டிக்கு அந்தாண்டை எறிந்தேன். வேறு யாருக்காக? இவர் கேட்க வேண்டும் என்றுதான். என் தில்லைக்குப் பேச வருகிறதே என்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்றுதான்.

சொன்னார். சாம்பார் ஊற்றும்போது சொன்னார்.

"அந்தம்மா வகுப்புல ஒரு பொண்ணு பேசுச்சு, கேட்டியா? ஒருத்தி மீன் கூடைக்குக் குடை புடிச்சாளாம். என்னா பார்வை, என்னா குரல். தப்பு இருக்குது, ஜாஸ்தி இருக்குது. ஆனா உசுரு இருக்குது. யாரு அந்தப் பொண்ணு?"

கையில் கரண்டியோடு நின்றேன். முதலில் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. மனுஷனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். அந்தக் குடைக்காரியை முந்தின நாள் இதே இடத்தில், இதே சாம்பாரோடு, தமிழில் நான் இவரிடம் சொன்னேன். பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல் "உம்" என்றாரே, அந்த உம்முக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

"யாரோ. எனக்குத் தெரியாது" என்றேன்.

"நீயும் அங்கதானே உக்காந்திருக்கே? அதைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?"

தோளில் ஆட்டை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினவன் கதையைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆட்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் இதே பாட்டுதான். அந்தப் பொண்ணு இன்னைக்குப் பேசலையே, ஏன்? அந்தப் பொண்ணு பாண்டிச்சேரி கான்வென்ட்டுல படிச்சிருக்குமோ? அது அந்தம்மா சொல்லிக் குடுத்து வந்ததே இல்லை, கூடவே பொறந்த குரலு. சுல்தானா டீச்சர் மேல் இருந்த பொறாமையில், அந்தக் குரலை அவருக்கு விட்டுக்கொடுக்க இவருக்கு மனசில்லை. யாரென்று அந்தம்மாவையே கேட்டிருக்கலாம். கேட்டால் தட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்த கதை வெளியே வரும். அதனால் என்னைத்தான் நச்சரித்தார்.

எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் எரிச்சல்? அவள் மேல்தான். தட்டிக்கு இந்தாண்டை உட்கார்ந்து என் வாயாலேயே பேசி, என் வீட்டுக்காரர் மனசைக் கொண்டுபோனாளே, அவள் மேல். அவளுக்கு மட்டும் இவர் குறுக்கே பேசுவதில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் இவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு நானே சக்களத்தி ஆகிவிட்டேன். இதை யாரிடம் சொல்லி அழுவது? பொன்னியிடம் சொன்னேன். "அடிப் பாவி, சொல்லித் தொலையேன் அந்தாள்கிட்ட" என்றாள். சொல்லலாம். சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அவராகக் கண்டுபிடித்ததாக ஆகுமா? கட்டினவள் குரலைத் தெரிந்துகொள்ளப் பொன்னி சிபாரிசு வேண்டுமா?

பேசாமல் இருந்து பழிவாங்கலாம் என்றும் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. டீச்சர் கை தோளில் விழுந்ததும் அவள் எழுந்து பேசிவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் சிதம்பரம் சேதி வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மதராஸிலிருந்து வரும் அதிகாரி முன்னால் எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தர் ஆறாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். நன்றாக நடத்தினால் படிப்பு முடிந்த கையோடு வேலைக்குச் சிபாரிசு. யாரைப் போடலாம் என்று மூத்த வாத்தியார் என்ற முறையில் ஹெட்மாஸ்டர் இவரைத்தான் கேட்டார்.

அன்று காலை இவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, "மாமா, என் பேரைக் குடுங்களேன்" என்றேன்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீயா? வாயைத் திறந்தாத்தானே. நாலு பேரு முன்னால என் மானத்தை வாங்காதே, தில்லை."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அழவில்லை. அழுதிருந்தால் ஆறியிருக்கும்.

இவர் ஹெட்மாஸ்டரிடம் போய், அந்தம்மா வகுப்பில் ஒரு பெண் நன்றாகப் பேசுவதாகக் கேள்வி, அவளையே போடுங்கள், பேரை அந்தம்மாவையே கொடுக்கச் சொல்லுங்கள் என்றாராம். பெருந்தன்மையைப் பாருங்கள். பாடம் முடிந்ததும் எழுந்து, இதில் கற்பித்த முறை ஒன்றும் இல்லை, எல்லாம் இந்தப் பெண்ணின் சொந்தத் திறமை என்று அதிகாரி முன்னால் அந்தம்மாவை மட்டம் தட்டுவது இவர் எண்ணம். அதைவிட முக்கியமான எண்ணம் ஒன்று இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் ஒத்திகை பார்த்து நடிப்பார்கள் என்று, நடத்தப் போகிறவர் பேரை அங்கே போய்த்தான் சொல்ல வேண்டும் என்பது அதிகாரி போட்ட நிபந்தனை. என்னிடம் மட்டும் சுல்தானா டீச்சர் சொல்லிவிட்டார்.

"உங்க சார்கிட்ட சொல்லிடட்டுமா?" என்றும் கேட்டார்.

"வேணாம் டீச்சர். அவுங்க காதாலயே கேக்கட்டும்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டி விவகாரம் முழுக்க அவருக்குத் தெரியும் என்று அப்போது புரிந்தது.

சிதம்பரம் போகிற அன்று இவர் வெளுத்து இஸ்திரி போட்ட சட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று தலையை இப்படி வாரிப் பார்த்தார், அப்படி வாரிப் பார்த்தார். நான் அவருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தேன். என்னையே பார்க்கப் போவதற்கு என் முன்னாலேயே சிங்காரித்துக்கொள்கிற புருஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். புளியோதரையில் உப்பை ஒரு பிடி கூடவே போட்டேன்.

எங்கள் செட்டுப் பெண்கள் மொத்தமும் பாசஞ்சர் ரயிலில் போனோம். பள்ளிக்கூடம் கீழ வீதிக்குப் பக்கத்தில். முன்னால் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் அதிகாரி, ஹெட்மாஸ்டர், இவர், சுல்தானா டீச்சர், அதற்கும் பின்னால் நாங்கள். ஹெட்மாஸ்டர் எழுந்து, "தில்லையம்மாள்" என்றார்.

நான் எழுந்தேன். இவரும் பாதி எழுந்தார். "பேரு மாறிப்போச்சு போலிருக்குதுங்க" என்று சுல்தானா டீச்சரிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"உக்காருங்க சார்" என்றார் அவர்.

நான் முன்னால் போகவில்லை. பிள்ளைகளைக் கரும்பலகையைப் பார்த்தபடி உட்காரச் சொல்லி, சிலேட்டும் பல்பமும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான் எல்லாருக்கும் பின்னால் நிற்பேன், சொல்வதைக் கேட்டுப் படம் போட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான் என்றேன். அதிகாரி சிரித்துக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவருடைய பின்தலைதான் எனக்குத் தெரிந்தது. நடு உச்சியில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. காலையில் அவ்வளவு வாரியும் மறையவில்லை.

ஒரு தரம்தான் சொல்லுவேன் என்று சொல்லிவிட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தேன்.

முதல் வாக்கியம் முடிவதற்குள் இவர் தோளுக்குப் பக்கத்தில் தூக்கிய பொடி டப்பா அப்படியே நின்றது. மூடி திறந்திருந்தது. போடவும் இல்லை, மூடவும் இல்லை. காது மடல் இரண்டும் சிவந்தன. அவர் திரும்புவார் என்று எதிர்பார்த்தேன். திரும்பிப் பார்க்காதே என்று சட்டம் போட்டவளும் நான்தான், திரும்ப மாட்டாரா என்று தவித்தவளும் நான்தான். அவர் திரும்பவே இல்லை.

நான் சொன்னது ஒரு கல்யாணக் கதை. மாப்பிள்ளைக்கு மூக்குப்பொடி போடுகிற வழக்கம். போட்டோக்காரர் வருகிறார். மாப்பிள்ளை அவரிடம் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் ஒளிந்துகொள்கிறார். மணப்பெண் மாப்பிள்ளை காதில் ஒன்று கேட்கிறாள். அவர் காதில் அது விழவில்லை. படம் எடுத்தாகிவிட்டது. அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் குலுங்கிச் சிரித்துக்கொண்டே படம் போட்டார்கள். சிலேட்டுக்குச் சிலேட்டு வாய் பிளந்த மாப்பிள்ளை.

மணப்பெண் என்ன கேட்டிருப்பாள் என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். வெளியே மாட்டு வண்டி போகிற சத்தம். அப்புறம் ஒரு சின்னப்பெண் எழுந்து, தட்டுத் தடுமாறி, அவளுக்குப் பசித்திருக்கும் என்றது இங்கிலீஷில். இன்னொன்று, தண்ணீர் கேட்டிருப்பாள் என்றது. கடைசி வரிசையில் ஒருத்தி, இந்த ஆள் யார் என்று கேட்டிருப்பாள் என்றாள். அதிகாரியே சத்தமாகச் சிரித்துவிட்டார். எது சரி என்று நான் சொல்லவில்லை. எல்லாரையும் பேசி முடிக்க விட்டேன்.

பாடம் முடிந்ததும் பார்த்தவர்கள் எழுந்து குறை நிறை சொல்வது டிரெயினிங் பள்ளி வழக்கம். நிறை சொல்லி நான் கேட்டதில்லை. இவர் எழுந்தால் பெண்கள் நடுங்குவார்கள். அதிகாரி, "மூத்தவர் நீங்கள் ஆரம்பியுங்கள்" என்றார். இவர் எழுந்தார். பொடி டப்பாவை மூடினார். தொண்டையைக் கனைத்தார்.

"இவங்க என் சம்சாரம்" என்றார் தமிழில். "இப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் குறை சொல்றது முறையில்லை. சுல்தானா டீச்சர் நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல இவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி என் பேரை இன்னொரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வேலைக்குக் கட்டாயம் எழுதுகிறேன் என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் இவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற பாசஞ்சரில் எனக்கு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கட்டுச்சோற்றைப் பிரித்து ஒரு வாய் போட்டார். உப்புக் கரித்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் விழுங்கினார்.

"ஏன் சொல்லலை?"

"என்ன சொல்லணும்?"

"அது நீதான்னு."

"தினம் உங்க எதிர்லதானே இருந்தேன்."

கிள்ளை ஸ்டேஷன் தாண்டியது. இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் குரல்ல ஒரு வார்த்தை பேசேன், தில்லை" என்றார். முகத்தில் அப்படி ஒரு ஆசை. அந்த முகத்தோடு இவர் என்னை இதுவரை பார்த்ததே இல்லை. அடங்கியிருந்த எரிச்சல் மறுபடி பற்றிக்கொண்டது.

"அவ சிதம்பரத்துலயே எறங்கிட்டா மாமா. நான்தான் வர்றேன்."

பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரங்கிப்பேட்டையில் சுல்தானா டீச்சர் இறங்க எழுந்தார். படியருகில் நின்று, "சார், திங்கக்கெழமை தட்டிக்கு இந்தாண்ட வந்து உக்காருங்க. அங்க காத்து வராது" என்றார். இவர் தலையை ஆட்டினார். ரயில் கிளம்பியது.

வண்டி வேகம் பிடித்ததும் இவர், "அன்னைக்கு நீ என்ன கேட்டே?" என்றார்.

எனக்குப் புரிந்தது. இருந்தாலும், "என்னைக்கு?" என்றேன்.

"போட்டோக்காரன் வந்தப்ப. என் காதுல."

வழக்கமாக இவர் கேள்வி கேட்டால் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பசித்திருக்கும், தாகமாக இருந்திருக்கும், இல்லை என்றால் நீ ஒன்றும் கேட்டிருக்க மாட்டாய். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். புதுச்சத்திரம் வந்தது, போனது. அப்போதும் குறுக்கே பேசவில்லை.

ஆலப்பாக்கம் வருவதற்கு முன்னால் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அடுப்படிக் குரலில்தான் சொன்னேன். ரயில் இரைச்சலில் அது எதிர் பெஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை. என் உதடு அசைந்ததை மட்டும் பார்த்தார்.

எழுந்தார். செட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பொன்னியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையைச் சாய்த்துக் காதை என் பக்கம் கொடுத்தார்.

"இப்பச் சொல்லு."

"ஒரு தரம்தான் சொல்லுவேன், மாமா" என்றேன்.